சக்கர வீட்டில் இணையம்: வாசகர் கேள்வி பதில்

படுக்கை, சமையலறையோடு வீடு போல அமைந்த ஆர்.வி. வண்டியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வட அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நானும் கணவரும் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். ஆறு மாதம் 28 அடி டிரெய்லரில் டெக்சஸிலிருந்து நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா என்று போகத் திட்டம். வேலையும் வண்டியிலிருந்துதான். விலை கூடிய 5ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். இரண்டு சிம் போடலாமாம். அது ஒன்றே போதுமா?
— வாசகி, ஆஸ்டின்

பதில்: போதாது. ரவுட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றில் இருக்கும் சிக்னலைத்தான் பிடிக்க முடியும். யூட்டாவின் பள்ளத்தாக்குகளில் அந்தச் சிக்னலே இல்லாத இடங்கள் நிறைய. அதனால் எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன், ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளை முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் நாடு முழுக்க டவர் வலை வைத்திருப்பவை வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகிய மூன்று. மற்ற மலிவுச் சிம்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றின் மீது ஓடுபவை. விசிபிள் சிம் வெரைசன் டவரையும், மின்ட் சிம் டி-மொபைல் டவரையும், கிரிக்கெட் சிம் ஏடி அண்ட் டி டவரையும் பயன்படுத்தும். வெரைசன் சிம் ஒன்று, விசிபிள் சிம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் காசுதான் இரண்டு மடங்கு, வழி ஒன்றேதான்.

இரண்டாவது விஷயம், இரண்டு சிம் போடும் இடம் இருந்தாலே இரண்டு இணைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பெப்லிங்க் நிறுவனத்தின் பிஆர்1 புரோ 5ஜி, ஜிஎல்-ஐநெட்டின் ஸ்பிட்ஸ் ஏஎக்ஸ் போன்ற ரவுட்டர்களில் டவரோடு பேசும் பாகமான மோடம் ஒன்றுதான். ஒரு சிம் வேலை செய்யும்போது மற்றது தூங்கும். முதல் சிம்முக்குச் சிக்னல் போனால் மோடம் அதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பதிவு செய்து இணைய வேண்டும். அதற்குள் உங்கள் வீடியோ அழைப்பு விழுந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமானால் இரண்டு மோடம் உள்ள ரவுட்டர் வேண்டும், அல்லது ஒரு மோடம் உள்ள ரவுட்டரின் வெளி இணைப்பு போர்ட்டில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் போன்ற இன்னொரு மூலத்தைச் செருக வேண்டும். அந்த போர்ட்டைத் திறக்கத் தனி உரிமமோ ஆண்டுச் சந்தாவோ கேட்கும் மாடல்களும் உண்டு. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டேட்டா கணக்கு. குழு வீடியோ அழைப்புக்கு ஒருவருக்கு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஜிபி ஆகும். இருவருக்கும் தினம் மூன்று மணி நேரம், மாதம் 22 வேலை நாள், சராசரி ஒன்றரை ஜிபி என்றால் 198 ஜிபி. இரவில் இரண்டு மணி நேரம் எச்.டி. தரத்தில் படம் பார்த்தால், நெட்ஃபிளிக்ஸ் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், மாதம் 180 ஜிபி. கைபேசிகளின் அப்டேட்டைச் சேர்க்காமலே 380 ஜிபி ஆகிவிட்டது. கைபேசித் திட்டத்தில் ‘வரம்பில்லை’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கைபேசியிலேயே பயன்படுத்தும் டேட்டாவுக்கு. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் 600 கேபிபிஎஸ் போன்ற வேகத்துக்கு இறக்கிவிடுவார்கள். அந்த வேகத்தில் மின்னஞ்சல் போகும், முகம் காட்டிப் பேச முடியாது.

உங்கள் நிலைக்கு நாங்கள் சொல்வது இது. ஸ்டார்லிங்கின் பயணத் திட்டமான ரோம் ஒரு வழி. 5ஜி ரவுட்டரில் ஒரு நிறுவனத்தின் டேட்டா சிம் இரண்டாவது வழி. கைபேசிகளை வேறொரு நிறுவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது மூன்றாவது வழியாகக் கையில் இருக்கும். ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தாவினால் போதும், அரை நிமிடம் அழைப்பு விழுந்து மறுபடி சேர்ந்தாலும் பரவாயில்லை என்றால் ஸ்பிட்ஸ் ஏஎக்ஸ் அளவிலான ரவுட்டரே தாராளம். அழைப்பு ஒரு நொடிகூட அறுபடக் கூடாத வேலை என்றால்தான் பெப்லிங்கின் ஸ்பீட்ஃப்யூஷன் போல இரண்டு இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் இணைப்புக் கோர்ப்புக்குக் காசு போடுவதில் அர்த்தம் உண்டு. அதில் ஒரே டேட்டாவை இரண்டு வழியிலும் அனுப்பும் வசதியை முடுக்கினால் டேட்டா செலவும் ஏறத்தாழ இரு மடங்காகும். அலுவலக நேரத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேகச் சோதனையில் பதிவிறக்க எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வீடியோ அழைப்பு கெடுவது பெரும்பாலும் பதிவேற்றத்தில். இருவரும் ஒரே சமயத்தில் பேச, பதிவேற்றம் நிலையாக 4 எம்பிபிஎஸ் வேண்டும். புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, வீட்டு வைஃபையைத் தொடாமல் ஒரு முழு வேலை வாரம் ஓட்டிப் பாருங்கள். கடையில் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: மோட்டார்ஹோமில் சிக்னல் பூஸ்டர் பொருத்தினேன். கைபேசியில் இரண்டு கோடு நான்கு கோடாகிவிட்டது. ஆனால் வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பூஸ்டர் பழுதா? டி-மொபைல் சிம் வைத்திருக்கிறேன்.
— வாசகர், ஆன் ஆர்பர், மிச்சிகன்

பதில்: பூஸ்டர் நன்றாகத்தான் இருக்கும். அது செய்யும் வேலைக்கும் உங்கள் சிம்முக்கும் பொருத்தம் இல்லை.

சந்தையில் உள்ள பெரும்பாலான வண்டிப் பூஸ்டர்கள் 700, 850, 1900, 1700/2100 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மட்டும் பெருக்குகின்றன. டி-மொபைல் கிராமப்புறங்களில் தொலைதூரம் எட்டுவதற்கு நம்பியிருப்பது 600 மெகாஹெர்ட்ஸ், வேகத்துக்கு நம்பியிருப்பது 2500 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் உங்கள் பூஸ்டர் தொடாது. வெரைசன், ஏடி அண்ட் டி இரண்டின் வேகமான 3700 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் இதே கதிதான். பூஸ்டர் 1900-ஐப் பெரிதாக்கிக் காட்டியதும் கைபேசி வேகமான 2500-ஐ விட்டுவிட்டு அதற்குத் தாவியிருக்கும். கோடு கூடி வேகம் குறைந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய கைபேசி டவரோடு இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் தனித்தனி ஓடைகளாகப் பேசுகிறது. பூஸ்டரின் வெளி ஆன்டெனா ஒன்று, உள் ஆன்டெனா ஒன்று. நான்கு ஓடைகளும் ஒரு குழாய்க்குள் அடைபட்டு ஒன்றாகிவிடும். நல்ல சிக்னல் உள்ள ஊரில் பூஸ்டரைப் போட்டால் வேகம் இறங்குவது இதனால்தான்.

கோடுகளைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். ஐபோனில் அழைப்புத் திரையில் *3001#12345#* என்று அடித்து அழைத்தால் அளவுத் திரை திறக்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகள் பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலு இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது டவரின் வலு. மைனஸ் 80-க்குப் பக்கம் அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115-ஐத் தாண்டினால் தத்தளிப்பு. சினர் என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20 என்றால் நல்ல தெளிவு, பூஜ்யத்துக்கு அருகே போனால் குப்பை. வலுவைப் பூஸ்டர் ஏற்றிக் காட்டும், இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால் தெளிவு ஏறாது.

அப்படியானால் பூஸ்டர் எதற்கு? டவர் வெகுதூரத்தில் இருக்க, கைபேசியின் குரல் அதுவரை போய்ச் சேராத இடத்துக்கு. கைபேசி அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் கத்த முடியும். கூரை மேல் இருக்கும் ஆன்டெனா வழியாகப் பூஸ்டர் அந்தக் குரலை உயர்த்தித் தரும். மைனஸ் 115-க்கும் கீழே ஒரு குறுஞ்செய்திகூடப் போகாத இடத்தில் அழைப்பு போகும் அளவுக்கு அது உதவும். அதனால் கழற்றிவிட வேண்டாம், சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பூஸ்டரோடு மூன்று முறை, பூஸ்டர் இல்லாமல் மூன்று முறை வேகச் சோதனை செய்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பூஸ்டரின் விளக்கு சிவப்பில் மின்னினால் உள் ஆன்டெனாவின் சிக்னல் வெளி ஆன்டெனாவுக்குள் திரும்பிப் போகிறது என்று பொருள். மேடையில் மைக் ஸ்பீக்கருக்கு எதிரே போனால் வீறிடுவது போலத்தான். இரண்டுக்கும் இடையே தூரத்தைக் கூட்டுங்கள், உள் ஆன்டெனாவின் முகம் கூரை ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வண்டிப் பூஸ்டரை உங்கள் சிம் நிறுவனத்திடம் பதிவு செய்வதும் அமெரிக்க விதிப்படி கட்டாயம்.

கேள்வி: ஸ்டார்லிங்க் மினி வாங்கி, இன்வர்ட்டர் வேண்டாம் என்று 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்தேன். பகலில் ஒழுங்காக ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. இப்படியே விடியும்வரை. டிஷ்ஷை மாற்றிக் கேட்கலாமா?
— வாசகர், டூசான், அரிசோனா

பதில்: மாற்ற வேண்டாம். பகலில் ஓடி இரவில் விழுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

பகலில் சோலார் பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சூரியன் போனதும் ஈய அமில பேட்டரியானால் 12.3, 12.2 என்று இறங்கும். மினி ஏற்பது 12 முதல் 48 வோல்ட் வரை. அதாவது டிஷ்ஷின் வாயில் 12 இருக்க வேண்டும். பேட்டரியில் 12 இருந்தால் போதாது.

இடையில் இருக்கும் கம்பி எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். மினியோடு வரும் கேபிள் 15 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 30 மீட்டர். 18 கேஜ் தடிமனுள்ள கம்பி என்று வைத்துக் கணக்கிட்டால் மொத்தத் தடை 0.63 ஓம். மினி 45 வாட் இழுக்கும் நேரத்தில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடும். 4-ஐ 0.63-ஆல் பெருக்கினால் இரண்டரை வோல்ட் கம்பியிலேயே போய்விடுகிறது. 12.3-இல் மிச்சம் 9.8. டிஷ் அணைகிறது. அணைந்ததும் ஆம்பியர் குறைகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி தொடங்குகிறது, மறுபடி விழுகிறது. அந்த நீண்ட கேபிள், கூடவே வரும் உயர் வோல்ட் அடாப்டருக்காகச் செய்யப்பட்டது.

தீர்வு: 12 வோல்ட்டை 24 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று. 100 வாட்டுக்குக் குறையாததாக, நீர் புகாத வகையில் வாங்குங்கள். அதை டிஷ் பக்கம் வைக்காதீர்கள், பேட்டரி பக்கம் வையுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஓர் அடிக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 14 கேஜ் கம்பியில் கன்வெர்ட்டர், அதன் பிறகு பழைய நீண்ட கேபிள். 24 வோல்ட்டில் அதே 45 வாட்டுக்கு 2 ஆம்பியர்கூட ஓடாது. கம்பியில் ஒன்றே கால் வோல்ட் போனாலும் டிஷ்ஷுக்கு 22-க்கு மேல் கிடைக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால் அதையும் விட்டொழியுங்கள். அதன் ஸ்பிரிங் தொடுமுனை சூடேறி இன்னும் அரை வோல்ட் தின்னும்.

மல்டிமீட்டர் இருந்தால் இரவில் டிஷ் ஓடிக்கொண்டிருக்கும்போது இரு முனையிலும் அளந்து பாருங்கள். ஓடாத நேரத்தில் அளந்தால் கம்பி நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

இன்னொரு கணக்கு. மினி சராசரியாக 25 முதல் 40 வாட் எடுக்கும். 30 என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 720 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது சுமார் 600 மட்டுமே. அதே அளவு லித்தியத்தில் 1280 வரை. செயலியில் உறக்க நேரம் வைத்து நள்ளிரவு முதல் காலைவரை அணைத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

கேள்வி: டி-மொபைல் வீட்டு இணையப் பெட்டியை டிரெய்லரில் எடுத்துக்கொண்டு போகலாமா? நண்பர் ஒருவர் ஒரு வருடமாக அப்படித்தான் செய்கிறார்.
— வாசகி, ஷார்லட், வட கரோலினா

பதில்: வீட்டு இணையம் நீங்கள் கொடுத்த முகவரிக்கு உரியது. வேறு இடத்தில் ஓட்டுவது ஒப்பந்தத்துக்கு மாறு. நண்பருக்கு இன்றுவரை ஓடுவது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. நடு வழியில், வேலை நாளில் நின்றால் யாரிடமும் முறையிட முடியாது. பயணிகளுக்கென்றே அதே நிறுவனம் 2024-இல் ‘அவே’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. விலை கூடுதல், ஆனால் நேர்வழி. கைபேசிச் சிம்மை ரவுட்டரில் போட்டு, அதன் அடையாள எண்ணைக் கைபேசி போலக் காட்டும் வித்தையையும் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

கேள்வி: கேம்ப்கிரவுண்டில் இலவச வைஃபை இருக்கிறதே, அதைப் பெருக்கும் ஆன்டெனா வாங்கினால் இந்தச் செலவெல்லாம் மிச்சம்தானே?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வாங்கும் முன் ஒரு சோதனை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போய், வைஃபை பெட்டிக்குப் பத்தடியில் நின்று வேகம் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. அங்கேயே இரவில் ஊர்ந்தால் குறை வைஃபையில் இல்லை, கேம்ப்கிரவுண்டுக்கு வரும் ஒற்றை இணைப்பை எண்பது வண்டிகள் பங்கு போடுவதில் இருக்கிறது. எந்த ஆன்டெனாவும் அதைச் சரிசெய்யாது.

அங்கே வேகமாகவும் உங்கள் இடத்தில் மெதுவாகவும் இருந்தால் சிறிய பயண ரவுட்டர் ஒன்றை ஜன்னலோரம் வைத்து, கேம்ப்கிரவுண்ட் வைஃபையை அது வாங்கி உங்கள் சொந்தப் பெயர், சொந்தக் கடவுச்சொல்லில் உள்ளே பரப்பும்படி அமையுங்கள். டிவி, மடிக்கணினி, கைபேசி எல்லாமே ரவுட்டரை மட்டும் தெரிந்துவைத்திருக்கும். ஊர் மாறும்போது ரவுட்டரில் ஒரு முறை மாற்றினால் போதும். வாங்கும் இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பரப்பும் இணைப்பு 5 கிகாஹெர்ட்ஸிலும் இருக்கட்டும். இரண்டும் ஒரே அலையில் இருந்தால் வேகம் பாதியாகும்.

அறை எண், கடவுச்சொல் கேட்கும் நுழைவுப் பக்கம் திறக்கவில்லை என்று பலர் திண்டாடுகிறார்கள். ரவுட்டரில் விபிஎன் ஓடினாலோ டிஎன்எஸ்ஸை நீங்களாக மாற்றி வைத்திருந்தாலோ அந்தப் பக்கம் வராது. இரண்டையும் அணைத்து, நுழைந்து, பிறகு திரும்பப் போடுங்கள்.

கேள்வி: கூரையில் 7-இன்-1 ஆன்டெனா பொருத்தலாமா? துளை போடப் பயமாக இருக்கிறது.
— வாசகர், சான் ஹோசே

பதில்: பயம் நியாயமானது. ஆர்.வி. வண்டிகளைக் கொல்வது கூரை ஒழுகல்தான். முதலில் துளை வேண்டுமா என்று பாருங்கள்.

ரவுட்டரை அதன் சொந்த ஆன்டெனாவோடு வண்டிக்குள் வைத்து ஆர்.எஸ்.ஆர்.பி., சினர் இரண்டையும் குறியுங்கள். அதையே நீட்டிப்புக் கம்பியில் வெளியே எடுத்து ஏணியின் உச்சியில் வைத்துக் குறியுங்கள். ஃபைபர் கிளாஸ் சுவர் கொண்ட வண்டியில் வித்தியாசம் 5, 6 டெசிபெல்லுக்குள் இருந்தால் கூரை ஆன்டெனா வேண்டாம், கேபிள் இழப்பிலேயே பாதி போய்விடும். ஏர்ஸ்ட்ரீம் போல அலுமினியம் போர்த்திய வண்டியில் வித்தியாசம் 15-ஐத் தாண்டினாலும் வியப்பில்லை. அங்கே கூரை ஆன்டெனா அவசியம்.

7-இன்-1 என்றால் வழக்கமாக நான்கு செல், இரண்டு வைஃபை, ஒரு ஜிபிஎஸ். ஏழு கேபிள்கள். உங்கள் ரவுட்டரில் நான்கு செல் முனை இல்லையென்றால் மிச்சக் கேபிள் சுருட்டித்தான் கிடக்கும். செல் முனை எஸ்எம்ஏ வகை, வைஃபை முனை ஆர்பி-எஸ்எம்ஏ வகை. பார்க்க இரட்டைப் பிறவி போல இருக்கும். திருகினால் திருகும், ஆனால் நடுவில் ஊசிக்கு எதிரே ஊசி அல்லது துளைக்கு எதிரே துளை. சிக்னல் கடக்காது. பொருத்தும் முன் நடு ஊசியைக் கண்ணால் பாருங்கள். கையடக்க ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் டிஎஸ்9 முனை இன்னும் மெல்லியது, கனமான கேபிள் இழுத்தால் உள்ளே பலகையோடு பெயர்ந்து வரும்.

கேபிள் நீளம் குறையக் குறைய நல்லது. 2000 மெகாஹெர்ட்ஸில் 20 அடி எல்எம்ஆர்-195 வகை ஆன்டெனா கேபிள் ஏறத்தாழ 3 டெசிபெல் தின்னும், அதாவது சிக்னலில் பாதி. எல்எம்ஆர்-240 என்றால் இரண்டே கால். ரவுட்டரை டிவி அலமாரியில்தான் வைப்பேன் என்று 25 அடி ஓட்டுவதைவிட, ஆன்டெனாவுக்கு நேர் கீழே இருக்கும் அலமாரியில் ரவுட்டரை வைத்து 8 அடியில் முடியுங்கள். மீதிக் கேபிளைச் சுருட்டி வைப்பதும் நீளம்தான்.

வழி எது? கூரையில் பிரிட்ஜ் காற்றுப்போக்கி உள்ள வண்டியில் அதன் மூடிக்கு அடியிலேயே கேபிளை இறக்கலாம், புதுத் துளை வேண்டாம். எரிவாயு பிரிட்ஜ் என்றால் பின்னால் இருக்கும் சூடான புகைக்குழலைத் தொடாமல் கேபிளைக் கட்டுங்கள். துளை போட்டே ஆக வேண்டுமானால் கேபிள் நுழைவு மூடி ஒன்று வாங்கி, அடியில் பியூட்டைல் நாடா, திருகு, மேலே தானாகப் பரவும் கூரை சீலன்ட் என்ற வரிசையில் செய்யுங்கள். ரப்பர் கூரையைப் பெட்ரோலியக் கரைப்பானால் துடைக்காதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சிலிகான் பசையும் வேண்டாம். அது ரப்பர் கூரையில் ஒழுங்காக ஒட்டாது, அடுத்த முறை எதையும் அதன் மேல் ஒட்டவும் விடாது. கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏறிப் பார்த்து விரிசலை அடையுங்கள்.

ஏசி பெட்டியின் நிழலில் ஆன்டெனாவை வைக்காதீர்கள். பொருத்தி முடித்ததும் வண்டியின் மொத்த உயரத்தை மறுபடி அளந்து ஓட்டுநர் இருக்கை முன்னால் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: ஒரிகன் காட்டுப் பகுதியில் ஸ்டார்லிங்க் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறுபடுகிறது. டிஷ்ஷைக் கூரையிலேயே நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறோம்.
— வாசகி, போர்ட்லண்ட்

பதில்: நிழலுக்காக மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் டிஷ்ஷும் மரத்தடிக்கு வந்துவிடுகிறது. அதற்குத் தேவை ஏறத்தாழ 110 பாகை அகலத் திறந்த வானம். தட்டையாக வைத்த டிஷ்ஷுக்கு அடிவானத்திலிருந்து 35 பாகைக்கு மேல் எதுவும் மறைக்கக் கூடாது. டிஷ்ஷைவிட 40 அடி உயர்ந்த மரம் என்றால் குறைந்தது 57 அடி தள்ளி இருக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொன்றும் கிளைக்குப் பின்னால் போகும்போதெல்லாம் அறுபடும். டக்ளஸ் ஃபர் மரங்கள் இருநூறடி வளரும் நாட்டில் கூரைப் பொருத்தல் அடிக்கடி ஏமாற்றும். கழற்றித் தரையில் வைக்கக்கூடிய முக்காலி, நீண்ட கேபிள் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்சரேகையில் வடக்குப் பக்க வானம் முக்கியம். செயலியில் தடை பார்க்கும் வசதியைத் திறந்து, கைபேசியை வானில் சுற்றிக் காட்டிய பிறகே டிஷ்ஷுக்கு இடம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் பக்கம் போனபோது மூன்று சிம்மிலும் பூஜ்யம். ரவுட்டர் கெட்டுவிட்டதா?
— வாசகர், ஃபேர்ஃபேக்ஸ்

பதில்: கெடவில்லை. அங்குள்ள வானொலித் தொலைநோக்கிக்காக 1958-இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய வானொலி அமைதி வட்டாரம் அது. சுமார் 13,000 சதுர மைல். டவர்களே கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன. ஆய்வகத்தை நெருங்கும்போது ரவுட்டரையும் அணைத்துவிடுங்கள், விண்மீன்களின் மெல்லிய ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: யெல்லோஸ்டோனுக்கு எட்டு நாள். வாடகை ஆர்.வி., வயதான அம்மா அப்பா, இரண்டு குழந்தைகள். என்ன வாங்க வேண்டும்?
— வாசகர், டென்வர்

பதில்: எட்டு நாளுக்கு எதுவும் வாங்காதீர்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல், மேமத் போன்ற சில மையங்களில் மட்டும் ஓரளவு சிக்னல் கிடைக்கும், கோடைக் கூட்டத்தில் அதுவும் திணறும். பூங்காவின் பெரும்பகுதியில் எதுவும் இராது.

உங்கள் கைபேசி எந்த நிறுவனச் சிம்மையும் ஏற்கும்படி பூட்டு நீங்கியதாக இருந்தால், வேறொரு நிறுவனத்தின் இலவச சோதனை இ-சிம்மை இரண்டாவதாக ஏற்றிக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் கோடி, ஜாக்சன், வெஸ்ட் யெல்லோஸ்டோன் உட்பட அந்தப் பகுதி முழுவதையும் டென்வரிலேயே இறக்கிவிடுங்கள். அம்மா அப்பாவின் மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, முகாம் முன்பதிவு மூன்றையும் கைபேசியில் படமாகவும் காகிதத்திலும் வைத்திருங்கள்.

பெரியவர்கள் கூட இருப்பதால் அவசர உதவி வழி ஒன்று கட்டாயம். ஐபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம். திறந்த வெளியில் நின்று திரை காட்டும் திசையில் கைபேசியைப் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்முறைப் பயிற்சித் திரையைத் திறந்து ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: டொராண்டோவிலிருந்து பான்ஃப் வரை ஆர்.வி.யில் போகிறோம். பெல் ஒன்று, டெலஸ் ஒன்று என இரண்டு சிம் எடுத்தால் நாடு முழுக்கத் தாங்குமா?
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பெல்லும் டெலஸும் டவர்களைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று இல்லாத இடத்தில் மற்றதும் பெரும்பாலும் இருக்காது. ஒன்றை விட்டுவிட்டு இரண்டாவதாக ராஜர்ஸ் எடுங்கள். அப்படியும் சூ செயின்ட் மேரிக்கும் தண்டர் பேக்கும் நடுவே, சுப்பீரியர் ஏரிக் கரையை ஒட்டிய ஏறத்தாழ 700 கிலோமீட்டரில் நீண்ட நேரம் எதுவும் கிடைக்காது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையின் 230 கிலோமீட்டரும் அப்படித்தான். பெட்ரோலை வாவா, மாரத்தான் ஊர்களில் நிரப்பும்போதே செய்திகளையும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கையடக்க ஹாட்ஸ்பாட்டின் பின்மூடி உப்பிக்கொண்டு வருகிறது. எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும்.
— வாசகி, அட்லாண்டா

பதில்: உடனே அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு மையத்தில் கொடுங்கள். நூறு சதவீதச் சார்ஜிலேயே, அதுவும் வெயிலில் நிற்கும் வண்டியின் ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டக்கூடிய ஹாட்ஸ்பாட் மாடலை வாங்குங்கள், அல்லது பேட்டரியே இல்லாத 12 வோல்ட் ரவுட்டருக்கு மாறுங்கள். வண்டியில் முழு நேரம் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் எங்கள் தேர்வு.

கேள்வி: டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். மதுரையிலிருந்து வால்பாறை, மேகமலை என்று வேனில் சுற்றப் போகிறோம். இங்கே வாங்கிய ஸ்டார்லிங்க் மினி, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச், பூஸ்டர் மூன்றையும் எடுத்துப் போகலாமா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வைத்திருப்பது குற்றம். இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். தனிநபர் சிக்னல் பூஸ்டர் பொருத்துவதும் அங்கே சட்டவிரோதம். அமெரிக்க விதிப்படி செய்த பூஸ்டருக்கு அந்த நாட்டு அலைவரிசைகளும் சரியாகப் பொருந்தா. ஜியோ சிம் ஒன்று, ஏர்டெல் சிம் ஒன்று எடுத்து இரண்டு கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டு நீங்கிய கைபேசியாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மலைப் பாதையின் வரைபடத்தை அடிவாரத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.